பொடக்காலிக் கதவு

செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டர் ரூமுக்குள் கால் வைக்க வேண்டும். 1993-ல் கோவை காந்திபுரத்தில் நான் படித்த கம்ப்யூட்டர் சென்டரில் அதுதான் முதல் பாடம். மாடிப்படி நெடுகச் செருப்பு கிடக்கும். உள்ளே ஏ.சி. குளிர், ஜன்னல் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள், ஒவ்வொரு மானிட்டருக்கும் தைத்துப் போட்ட துணி உறை. சாயங்காலம் திண்டுக்கல் பூட்டை மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சார் படியிறங்குவார். தூசியோடு வைரஸும் உள்ளே வந்துவிடும் என்று எங்களில் பாதிப் பேர் நம்பினோம்.

அந்த நம்பிக்கையிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. தூசியில் வராதே தவிர, அன்றைய வைரஸ் ஏதோ ஒரு பொருளில் ஒட்டிக்கொண்டு, ஒரு ஆளின் கையோடுதான் அறைக்குள் வந்தது. அந்தப் பொருள் ஃபிளாப்பி. மில்லின் சம்பளக் கணக்கு, காலேஜ் பையனின் ப்ராஜெக்ட், யாரோ கொடுத்த கேம் எல்லாம் அந்தச் சதுர உறைக்குள் இருந்த வட்டத் தகட்டில்தான் ஊர் சுற்றின. யாருடைய ஃபிளாப்பியிலிருந்து எந்த சிஸ்டத்துக்குத் தொற்றியது என்று கேட்டுக் கேட்டே கண்டுபிடித்துவிடலாம். அம்மை கண்ட வீட்டைத் தெருவில் விசாரித்துக்கொண்டே போவது மாதிரி.

வந்த வைரஸும் தன் பெயரை ஒளித்துக்கொள்ள நினைக்கவில்லை. 1986-ல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய 'பிரெயின்' வைரஸின் உள்ளே அவர்கள் பெயர், கடை முகவரி, போன் நம்பர் வரைக்கும் இருந்தது. 1990-ல் நம் நாட்டிலேயே முதலில் அகப்பட்ட 'ஜோஷி' இன்னும் வேடிக்கை. ஃபிளாப்பியின் தொடக்கப் பகுதியில் உட்கார்ந்திருக்கும். வருஷம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஜனவரி 5-ம் தேதி மட்டும் மெஷினை நிறுத்திவிடும். திரையில் கேட்கிறபடி 'ஹேப்பி பர்த்டே ஜோஷி' என்று டைப் அடித்தால் விட்டுவிடும். எங்கள் சென்டரில் ஒரு ஜனவரி மாதம் சார் அதை எழுத்து எழுத்தாக அடித்ததைப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். அடித்து முடித்ததும் மெஷின் ஓடியது. பையன்கள் கைதட்டினார்கள்.

அப்புறம் வந்தது அப்படி விளையாட்டாக இல்லை. 1999 ஏப்ரல் 26 அன்று, செர்னோபில் என்று எல்லோரும் பெயர் வைத்த சி.ஐ.ஹெச். வைரஸ் ஹார்டு டிஸ்க்கைத் துடைத்தது. சில போர்டுகளில் பயாஸ் சிப்பில் இருந்ததையும் அழித்தது. அதற்குள் கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வந்துவிட்டிருந்த நான் அன்றைக்கு எம்-80 வண்டியில் கணபதிக்கும் குறிச்சி சிட்கோவுக்குமாக அலைந்தேன். பவர் கொடுத்தால் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. "மெஷினு செத்துப் போச்சுங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம், செத்துத்தான் போயிருந்தது. கேட்டவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு இந்த மாதிரிப் பழுது புரியும். மோட்டார் காயில் எரிந்தால் வாடை வரும், பேரிங் போனால் சத்தம் வரும், ஓடாத மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தால் சரி செய்து தருவார்கள். மெஷின் ஓடுகிறதா என்ற ஒரே கேள்வியில்தான் கோயமுத்தூர் தொழில் செய்து வளர்ந்தது.

அந்தக் கேள்வியால் இனிப் பயனில்லை என்று ஆகிவிட்டதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மாற்றம் தொடங்கியது 1998-ல். ஸ்வீடன்காரர் கார்ல்-ஃபிரெட்ரிக் நைக்டர் அந்த வருஷம் மார்ச்சில் 'நெட்பஸ்' என்ற புரோகிராமை வெளியிட்டார். ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் மாநாட்டில் 'கல்ட் ஆஃப் தி டெட் கவ்' என்ற குழு 'பேக் ஆரிஃபிஸ்' என்ற இன்னொன்றை வெளியிட்டது. விண்டோஸ் எவ்வளவு பலவீனம் என்று காட்டவே செய்தோம் என்றார்கள். இரண்டும் இரண்டு துண்டுகளாக இருக்கும். சின்னத் துண்டு, ஒரு கேமுக்குள்ளோ வாழ்த்து அட்டைக்குள்ளோ பதுங்கி, ஏமாந்தவரின் கம்ப்யூட்டரில் போய் உட்காரும். பெரிய துண்டு, ஆட்டி வைப்பவரின் கையில் இருக்கும். இங்கே பட்டனை அழுத்தினால் அங்கே சி.டி. தட்டு வெளியே நீளும், மௌஸின் அம்பு தானாக நகரும், அங்கே தட்டுகிற எழுத்தெல்லாம் இங்கே தெரியும்.

2000-ஐ ஒட்டிக் கோவையில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் வந்தபோது இதைப் பையன்கள் விளையாட்டாகச் செய்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான்காம் கேபினில் இருப்பவனின் சி.டி. தட்டை ஏழாம் கேபினில் இருப்பவன் திறப்பான். நாலாமவன் பேய் பிடித்த மாதிரி எழுந்து ஓனரைக் கூப்பிடுவான். கேபின் கேபினாகச் சிரிப்பு. அப்போது நானும் சிரித்தவன்தான். அந்தச் சிரிப்புக்கு நடுவே, அதே ஏழாம் கேபின்காரன் இன்னொருவரின் மெயில் பாஸ்வேர்டையும் பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

ஸ்வீடனில் அது விளையாட்டாக முடியவில்லை. 1999-ல் லுண்ட் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை ஆய்வாளர் ஒருவரின் கம்ப்யூட்டரில் குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாசப் படங்கள் 3,500 அகப்பட்டன. வேலை போனது, பெயர் பத்திரிகையில் வந்தது, நாட்டை விட்டே போனார். அந்தப் படங்களை நெட்பஸ் வழியாக யாரோ உள்ளே போட்டிருக்கலாம் என்பது தெரிந்து, 2004-ல்தான் அவர் விடுவிக்கப்பட்டார். ஐந்து வருஷம். அவருடைய மெஷினில் ஒரு பழுதும் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

இனி இன்றைக்கு வருகிறேன். கணபதியில் ஒரு சின்னப் பட்டறை. பம்புக்கு வேண்டிய வார்ப்புப் பாகங்களைக் கடைசல் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். பதினைந்து வருஷமாக அவர்கள் சிஸ்டம் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். கணக்கு, மெயில், ஜி.எஸ்.டி., பேங்க் எல்லாமே ஒரே கம்ப்யூட்டரில் ஒரு அம்மிணி பார்த்துக்கொள்கிறார். சூலூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். ஒரு நாள் ஓனர் கூப்பிட்டார். சரக்குப் போய்ச் சேர்ந்து இருபது நாள் ஆகிவிட்டது, பணம் வரவில்லை. போனில் கேட்டால், அன்றைக்கே அனுப்பிவிட்டோமே, நீங்கள் கொடுத்த புதுக் கணக்குக்குத்தானே போட்டோம் என்கிறது வெளிநாட்டுக் கம்பெனி. இவர்கள் புதுக் கணக்கு எதையும் கொடுக்கவில்லை.

நான் போய் உட்கார்ந்தபோது ஓனர் பக்கத்தில் நின்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "கம்ப்யூட்டரு நல்லாத்தானுங்க ஓடிட்டிருக்குது."

மெயிலைத் திறந்து அம்மிணியிடம் கேட்டேன். அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு மாதமாக ஒரு மெயிலும் வரவில்லை என்றார். வந்திருந்தன. பதினொரு மெயில்கள். யாரும் எட்டிப் பார்க்காத 'ஆர்.எஸ்.எஸ். ஃபீட்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் எல்லாம் படித்த நிலையில் கிடந்தன. மெயில் அமைப்பில் யாரோ ஒரு விதி எழுதி வைத்திருந்தார்கள். இந்தக் கம்பெனியிலிருந்து வருவதும், 'பேமென்ட்' என்ற சொல் இருப்பதும் வந்த கையோடு அந்த ஃபோல்டருக்குப் போய்விட வேண்டும். அந்த அம்மிணி தினமும் காலை ஒன்பதரை மணிக்குத் திறந்து வேலை செய்த அதே பெட்டியில், இன்னொருவரும் தினமும் உட்கார்ந்திருக்கிறார்.

எப்படி வந்தார் என்று தேடிப் பின்னோக்கிப் போனேன். ஏழு வாரத்துக்கு முந்தைய ஒரு மெயில், பர்ச்சேஸ் ஆர்டர் என்று தலைப்பு. சுருக்கிக் கட்டிய ஒரு ஃபைல், அதற்குள் பி.டி.எஃப். படம் போட்ட இன்னொரு ஃபைல். விண்டோஸ், நாம் மாற்றாத வரை, ஃபைல் பெயரின் கடைசி மூன்றெழுத்தை மறைத்துத்தான் காட்டும். அதனால் பெயர் பி.டி.எஃப். என்று முடிவதாகத் தெரிகிறது. மறைந்திருக்கும் வால் இ.எக்ஸ்.இ. அதாவது படிக்கிற காகிதம் இல்லை, ஓடுகிற புரோகிராம்.

"தொறந்தீங்களா அம்மிணி?"

"தொறந்தனுங்ணா. ஒண்ணும் வரலீங்க. கறுப்பா ஒரு சன்னல் வந்து, அப்படியே போயிருச்சுங்க. ஃபைலு சரியில்லையாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேனுங்."

கறுப்புச் சன்னல் வந்து மறைந்த அந்த ஒரு விநாடியில் நடந்ததை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லாம் இருக்கிறது. முதலில் அந்தப் புரோகிராம் தன்னை நகல் எடுத்து, சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொண்டது. அடுத்தது, கம்ப்யூட்டர் ஆன் ஆகும் ஒவ்வொரு முறையும் தன்னையும் எழுப்பும்படி, அப்டேட் வேலை என்று பெயர் போட்டு விண்டோஸின் வேலை அட்டவணையில் எழுதிக்கொண்டது. ஃபார்மேட் செய்கிற வரை இனி அது வீட்டு ஆள். மூன்றாவது, வெளியே எங்கேயோ இருக்கும் ஒரு சர்வரைக் கூப்பிட்டு, நான் வந்துவிட்டேன், இது இன்ன மெஷின், இன்ன விண்டோஸ், இன்ன யூசர் என்று சொன்னது. பிறகு சில நிமிஷத்துக்கு ஒரு முறை கூப்பிட்டு, வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. இருந்தால் செய்யும். தட்டும் எழுத்தைக் குறித்துக்கொள், திரையைப் படம் எடு, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டை எடுத்து வா, இந்த ஃபைலை அனுப்பு, அந்த ஃபைலை வாங்கி வை.

அன்றுக்கும் இன்றுக்கும் முக்கியமான வித்தியாசம் அந்தக் கூப்பிடுதலில் இருக்கிறது. பேக் ஆரிஃபிஸ் தன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, யாராவது வெளியிலிருந்து வந்து தட்டுவார்கள் என்று காத்திருக்கும். 31337 என்ற போர்ட் எண் அதற்கு அடையாளம். அதைத் தேடினால் பிடித்துவிடலாம். இன்றைக்கு எல்லா இடத்திலும் ரவுட்டர் இருக்கிறது, ஃபயர்வால் இருக்கிறது, வெளியிலிருந்து தட்டுகிறவனை அவை உள்ளே விடாது. ஆனால் உள்ளே இருப்பவர் வெளியே போவதைப் பெரும்பாலும் எந்தக் காவல்காரரும் கேட்பதில்லை. எனவே, பின்கதவு என்ற பொருளில் பேக்டோர் என்று அழைக்கப்படும் இந்த வகைப் புரோகிராம் இன்று உள்ளேயிருந்து வெளியே போய்ப் பேசுகிறது. அதுவும் நாம் பேங்க் வெப்சைட்டுக்குப் போகிற அதே 443-ம் எண் வழியில், அதே பூட்டுப் போட்ட பேச்சாக.

எங்கள் பக்கத்து வீடுகளை நினைத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். முன்வாசல் விருந்துக்கு வரும் ஒறம்பரைக்கு. கோலம், திண்ணை, பித்தளைக் குமிழ் வைத்த கதவு, பெரிய தாழ்ப்பாள் எல்லாம் அங்கே. வீட்டின் உண்மையான போக்குவரத்து பின்புறத்துப் பொடக்காலியில். பாத்திரம் கழுவ, துணி துவைக்க, மாட்டுக்குத் தண்ணி காட்ட அம்மா நாளைக்கு நாற்பது தடவை அந்தக் கதவு வழியே போய் வருவாள். அதற்கு ஒரு கொக்கி மட்டும்தான். முன்கதவை உடைக்கிற திருடனுக்கு ஊரே எழுந்துவிடும். பொடக்காலிக் கொக்கியை உள்ளேயிருந்து ஒரு ஆள் எடுத்துவிட்டால், வருகிறவன் போகிறவன் யாருக்கும் தெரியாது. ஆங்கிலத்தில் பேக்டோர் என்று பெயர் வைத்தவர்களுக்கு அவர்கள் ஊர் வீடு ஞாபகம் வந்திருக்கும். எனக்குப் பொடக்காலிதான் வருகிறது.

கணபதி பட்டறைக்குள் வந்தவர் உடனே பணத்தில் கை வைக்கவில்லை. வாரக் கணக்கில் படித்தார். இந்த அம்மிணி எப்படிக் கடிதம் ஆரம்பிக்கிறார், எப்படி முடிக்கிறார், இன்வாய்ஸ் எந்த மாதிரி, எந்தத் தேதியில் எவ்வளவு வர வேண்டும், அங்கே பணம் அனுப்புகிறவர் பெயர் என்ன, எல்லாம். பிறகு பட்டறையின் மெயில் முகவரி மாதிரியே ஒன்றைப் பதிவு செய்தார். எம் எழுத்து இருக்கும் இடத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டிப் போட்டால் கண் ஏமாந்துவிடும். அதிலிருந்து, எங்கள் பேங்க் கணக்கு மாறியிருக்கிறது என்று, இந்த அம்மிணியின் நடையிலேயே ஒரு மெயில். பழைய இன்வாய்ஸின் அச்சு அசலான நகல், கணக்கு எண் மட்டும் வேறு. திருப்பூர், கோவைப் பக்கம் ஏற்றுமதி செய்கிறவர்களிடம் இது இன்று புதுக் கதை இல்லை. பத்துப் பேர் உட்கார்ந்தால் ஒருவராவது தன் கம்பெனியிலோ பக்கத்துக் கம்பெனியிலோ நடந்ததைச் சொல்வார். பெயர் கெட்டுவிடும் என்று வெளியே சொல்லாதவர்கள் எத்தனையோ.

இந்தப் புரோகிராமை எழுதியவரும் திருடியவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டிய அவசியம்கூட இன்று இல்லை. 2014 முதல் அறியப்பட்ட 'ஏஜென்ட் டெஸ்லா' மாதச் சந்தா போல விற்கப்பட்டது. சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருந்தார்கள். 'நானோகோர்' என்ற இன்னொன்றை எழுதி விற்ற அமெரிக்க இளைஞருக்கு 2018-ல் 33 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. காசு கொடுத்து வாங்கி, இணைப்பாக மாட்டி, ஆயிரம் பேருக்கு அனுப்புவதுதான் வேலை. ஜோஷியை எழுதியவருக்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருந்தது. இன்று அனுப்புகிறவருக்கு அது தெரிய வேண்டியதில்லை, கணக்குப் பார்க்கிறவரின் அவசரம் தெரிந்தால் போதும்.

சின்னப் பட்டறை, அதனால்தான் இப்படி என்று யாராவது நினைத்தால், கூடங்குளத்தைப் பார்க்கட்டும். 2019 செப்டம்பர் 4-ம் தேதி மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு அங்கே ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் இருப்பதைக் கவனித்துச் சொன்னது. அக்டோபர் கடைசியில் செய்தி வெளியே வந்தபோது, 29-ம் தேதி அணுமின் நிலையத்திலிருந்து மறுப்பு வந்தது. அணு உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளி இணையத்தோடு சேராதது, தாக்க முடியாது என்றார்கள். மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த வலையில் இருந்த ஒரு ஊழியரின் கம்ப்யூட்டரில் மால்வேர் இருந்தது உண்மை, முக்கியமான உள் வலை அதிலிருந்து தனியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. இரண்டு அறிக்கைகளும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை என்று வாதாடலாம். ஆனால் முதல் நாள் சொன்னது, மெஷின் நல்லாத்தான் ஓடுது என்ற கணபதி ஓனரின் வாக்கியமேதான். உலை ஓடியது. உள்ளே ஒரு ஆள் இருந்தாரா என்பதுதான் கேள்வி.

அங்கே அகப்பட்டதை ஆய்வாளர்கள் 'டிடிராக்' என்று அடையாளம் சொன்னார்கள். வட கொரியாவைச் சேர்ந்ததாகக் கருதப்படும் லாசரஸ் குழுவோடு காஸ்பர்ஸ்கி நிறுவனம் தொடர்புபடுத்திய பேக்டோர் அது. அதன் வேலைப் பட்டியலில் வெடிப்பதோ நிறுத்துவதோ கிடையாது. தட்டும் எழுத்துகள், பிரவுசர் வரலாறு, எந்தெந்தப் புரோகிராம் ஓடுகிறது, டிஸ்க்கில் என்னென்ன ஃபைல், பக்கத்தில் எந்தெந்த மெஷின். எல்லாம் பார்த்துக் குறித்துக்கொள்கிற வேலை. களவுக்கு முன்னால் வீட்டை அளக்கிறவனின் வேலை.

கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரியில் நடந்ததில் ஒரு சின்ன விவரம் என் மனதை விட்டுப் போகவே இல்லை. பன்னாட்டு வங்கிப் பரிமாற்ற வலையான ஸ்விஃப்ட் வழியாகத் துபாய், துருக்கி, சீனா என்று மூன்று இடத்துக்கு ஏறக்குறைய 20 லட்சம் டாலர் அனுப்பப்பட்டது. அனுப்பிய தகவல் வழக்கமாக அச்சாகி வரும் பிரிண்டர் முடக்கப்பட்டிருந்தது. மறுநாள் கணக்கைச் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது. துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டது. 2016-ல் வங்கதேச மத்திய வங்கியில் 8 கோடியே 10 லட்சம் டாலர் போனபோதும் முதலில் வாயடைத்தது பிரிண்டர்தான். சத்தம் போடும் ஒரே மெஷினைத் தேடிப் பிடித்துச் சத்தமில்லாமல் ஆக்குகிறார்கள். ஜோஷி தன் பிறந்த நாளைத் தானே அறிவித்துக்கொண்ட காலத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம்!

எடுத்துக்கொண்டு போவதைவிட, வைத்துவிட்டுப் போவது எனக்கு அதிக பயத்தைத் தருகிறது. ஸ்வீடன் ஆய்வாளருக்கு நடந்தது அதுதான். திருச்சி மாவட்டத்து விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி பீமா கோரேகாவ் வழக்கில் 2020 அக்டோபரில் கைதாகி, 2021 ஜூலை 5 அன்று காவலில் இருந்தபடியே மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவருடைய கம்ப்யூட்டரின் நகலைச் சோதித்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங், 2022 டிசம்பரில் வெளியான அறிக்கையில், 'நெட்வயர்' என்ற பேக்டோர் அதில் இருந்தது, வழக்கில் சான்றாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் அதன் வழியே வைக்கப்பட்டவை, அவர் அவற்றைத் திறந்ததற்கே தடயம் இல்லை என்று சொன்னது. அவர் தரப்பு வழக்கறிஞர்கள் கேட்டு வாங்கிய அறிக்கை அது. வழக்கை நடத்தும் புலனாய்வு அமைப்பு இவ்வகை அறிக்கைகளை ஏற்கவில்லை. நீதிமன்றம் தீர்க்க வேண்டிய விஷயத்தை நான் தீர்க்க முடியாது. தொழில்நுட்பமாக அது முடியுமா என்று கேட்டால், முடியும். ஃபைலை வாங்கி வை என்பது பேக்டோருக்குத் தெரிந்த மிகச் சாதாரணமான கட்டளைகளில் ஒன்று. கம்ப்யூட்டரில் இருந்தது, எனவே அவர் வைத்தது என்று இனிமேல் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடக்கூடாது. எண்பதைத் தாண்டிய ஒரு மனிதரின் விஷயத்திலாவது இந்தக் கேள்வி உரிய நேரத்தில் கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

மாறாமல் இருப்பது ஒன்று உண்டு. அன்றும் சரி, இன்றும் சரி, கதவை நாமேதான் திறந்துவிடுகிறோம். நம் ஊரில் அதற்குப் பெரிய காரணம் கிராக் சாஃப்ட்வேர். வரைபடம் போடும் சாஃப்ட்வேரின் விலை ஒரு சின்ன லேத் பட்டறைக்கு ஆகாது. கணக்கு சாஃப்ட்வேர் ஆகும், ஆனாலும் ஓசியில் கிடைக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். கிராக் கூடவே ஒரு குறிப்பு வரும், ஆன்டி வைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யவும் என்று. வீட்டு நாயைக் கட்டிப் போட்டுவிட்டு வா என்று திருடன் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்தக் குறிப்பின்படி நானே எத்தனையோ மெஷினில் ஆன்டி வைரஸை நிறுத்தி கிராக் போட்டுக் கொடுத்திருக்கிறேன். 2000-க்கும் 2010-க்கும் நடுவே இந்த ஊரில் சர்வீஸ் செய்த எல்லோரும் செய்ததுதான், ஆனால் அது சமாதானம் ஆகாது. கணபதி பட்டறை மெஷினிலும் ஆன்டி வைரஸ் நிறுத்தியே இருந்தது. நிறுத்தியது யார் என்று ஓனர் கேட்கவில்லை. நானே சொன்னேன்.

இப்போது வேறு வழிகளும் வந்துவிட்டன. பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி எனிடெஸ்க்கை இறக்கச் சொல்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. எனிடெஸ்க் கெட்ட சாஃப்ட்வேர் இல்லை, நானும் அதில்தான் தினமும் பல்லடத்தில் இருக்கும் மெஷினை வீட்டிலிருந்து சரி செய்கிறேன். முன்பு ஸ்க்ரூ டிரைவரோடு வண்டியில் போய் நிற்பேன், மெஷினைத் தொட்ட ஆள் யார் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். இன்று தொடுகிற ஆள் அறையில் இல்லை. 2024-ல் தொடங்கிய இன்னொன்று, நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு ஒட்டுங்கள், என்டர் தட்டுங்கள் என்று ஒரு வெப்சைட் சொல்லும். தட்டுகிறவர் தன் கையாலேயே கட்டளை கொடுத்துக் கொக்கியை எடுத்துவிடுகிறார்.

முன்பு மெஷினை நிறுத்திய வைரஸ் இன்று மெஷினைப் பராமரிக்கக்கூடச் செய்கிறது. 2008-ல் உலகம் முழுக்கப் பரவிய 'கான்ஃபிக்கர்' தான் நுழைந்த ஓட்டையைத் தானே அடைத்தது. வேறு ஒருவன் அதே வழியில் வந்துவிடக்கூடாதல்லவா? உள்ளே இருப்பவருக்கு நம் கம்ப்யூட்டர் நன்றாக ஓடுவதில் நம்மைவிட அக்கறை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? என் பதில், நம் ஊர் மெக்கானிக்கின் காதுதான். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் லினக்ஸ் மெஷினில் லாகின் ஆவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். ஏன் என்று தோண்டிப் போனார். எக்ஸ்.இசட். என்ற, உலகின் எண்ணற்ற சர்வர்களுக்குப் போய்ச் சேரவிருந்த ஒரு சாஃப்ட்வேருக்குள் ஒருவர் இரண்டு வருஷத்துக்கு மேலாக நம்பிக்கை சம்பாதித்து நுழைத்து வைத்திருந்த பேக்டோர் வெளியே வந்தது. அரை விநாடி! ஓடுகிற மோட்டார் மேல் ஸ்க்ரூ டிரைவரை வைத்து, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, பேரிங் இன்னும் ஒரு மாசம்தான் தாங்குமுங்க என்று சொல்கிறவர்கள் இருக்கும் ஊர் இது. அந்தக் காது கம்ப்யூட்டருக்கும் வர வேண்டும்.

கணபதியில் அன்றைக்கு நான் செய்தவற்றில் வருத்தப்பட வேண்டியது ஒன்று உண்டு. பதற்றத்தில் மெஷினை ஃபார்மேட் செய்யக் கை வைத்துவிட்டேன், பாதியில்தான் ஞாபகம் வந்து நிறுத்தினேன். ஃபார்மேட் செய்தால் திருடனோடு தடயமும் போய்விடும். லேன் கேபிளைப் பிடுங்கி, வைஃபையை நிறுத்தி, மெஷினை அப்படியே ஒரு பக்கம் வைத்துவிட்டு, பாஸ்வேர்டுகளை வேறு ஒரு சுத்தமான மெஷினிலிருந்து மாற்ற வேண்டும். அதே மெஷினில் புதுப் பாஸ்வேர்டு தட்டினால் அதுவும் அவருக்குப் போகும். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே போன் செய்ய வேண்டும். மணிக்கு மணி பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிக்கொண்டே போகும். இருபது நாள் கழித்துத் தெரிந்ததால் எங்களுக்கு ஒன்றும் திரும்பவில்லை. துப்புரவுக்கு செர்ட்-இன் 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திராவில் இலவசக் கருவிகள் இருக்கின்றன. பிறகு பட்டறையில் கிராக்கை எல்லாம் எடுத்தோம். வரைபடத்துக்கு ஓசியிலேயே முறைப்படி கிடைக்கும் ஒரு சாஃப்ட்வேருக்கு மாறினார்கள், முதல் மூன்று மாதம் பையன்கள் முனகினார்கள். தினசரி வேலைக்கு அட்மின் உரிமை இல்லாத தனி யூசர். ஃபைல் பெயரின் வால் தெரியும்படி மாற்றி வைத்தேன். பேங்குக்கு என்று ஒரு பழைய லேப்டாப்பைத் தனியாக ஒதுக்கினோம், அதில் மெயில் கிடையாது.

ஓனர் ஒரு கட்டத்தில் அந்த அம்மிணியை நிறுத்திவிடலாம் என்று நினைத்தார். கூடாது என்று நான் சண்டையே போட்டேன். பர்ச்சேஸ் ஆர்டர் வந்தால் திறந்து பார்ப்பது அவர் வேலை. திறக்கத் தயங்கினால்தான் தப்பு. அவர் திறந்ததும் மெஷின் அதை ஓட விட்டதே, அந்தத் தப்பு அவருடையது இல்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறார். இப்போது பணம் வரும் தேதிக்கு முன்னால் வெளிநாட்டுக்குத் தானே போன் செய்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கணக்கு எண்ணின் கடைசி நாலு எண்ணைப் படித்துக் காட்டிவிடுகிறார்.

போன மாதம் ஒரு மத்தியானம் அவரிடமிருந்து போன்.

"ஏனுங்ணா, சாப்பிட்டீங்ளா?"

"ஆச்சுங்க அம்மிணி, சொல்லுங்க."

"ஒரு கொட்டேஷன் ஃபைலு தொறந்தனுங்ணா. வாலு பி.டி.எஃப்.-னுதான் இருந்துச்சுங்க. ஆனா கறுப்புச் சன்னலு ஒண்ணு மினுக்குன்னு வந்து போச்சுங்க."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "சரி, முதல்ல பின்னால இருக்கற நீலக் கேபிளை..."

"அதெல்லாம் புடுங்கிக் கைல வெச்சுட்டுத்தானுங்ணா உங்களுக்குப் போன் போடறேன்."